சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் வந்த நூற்று நாற்பத்தாறு

பூண்டு சாப்பிட்டால் தாய்ப்பால் நிஜமாகவே ஊறுமா? எம்.எஸ்சி. வேதியியல் படித்திருக்கிறேன், பல வருஷமாக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஓட்டுகிறேன், ஆனால் இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஊறும் என்கிறார் அத்தை, அதாவது என் மாமியார். "சாப்பிடலாம், தப்பில்லை" என்கிறார் டாக்டர். அது பதிலே இல்லை என்பது என் கருத்து. போனில் தேடினால் ஊறும் என்று பாதிப் பேரும் ஊறாது என்று பாதிப் பேரும் சொல்கிறார்கள். ஆகவே சாப்பிட்டேன். பூண்டுக் குழம்பு, பூண்டு ரசம், பாலில் வேகவைத்த பூண்டு, லேகியத்துக்குள் மறைந்திருக்கும் பூண்டு. பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம் போகும் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார்கள்.

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவரிடமும் மெஷினை ஒப்படைத்துவிட்டு இந்த மாதக் கடைசியில் நான் கிளம்புகிறேன். பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். அத்தையால் அவள் பின்னாலேயே ஓட முடியவில்லை. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் மேனுவலில் இருக்கிறது. வெற்றிடம் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மேனுவலிலும் கதவிலும் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விஷயம் ஆல்வினுடையது. ஆல்வின் நம் லேபின் மூத்த ஆராய்ச்சி மாணவன், அனகாபுத்தூர்க்காரன். நான்கு கந்தகமும் நான்கு நைட்ரஜனும் கூண்டு மாதிரி கோத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆரஞ்சுப் பொடியைச் சூடாக்கினால் அது எப்படி எப்படி உடைகிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. பொடி கோபக்காரப் பொடி. இடித்தால் வெடிக்கும், அவசரமாகச் சூடாக்கினாலும் வெடிக்கும். அதனால் கடுகில் கால் பங்குகூட இல்லாத அளவை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து வெற்றிடத்துக்குள் மெதுவாகச் சூடாக்குவோம். பாப்பாவுக்கு மருந்து புகட்டும் பாலாடையை எறும்பு வீட்டுக்காக யாராவது செய்து கொடுத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரிக் கிண்ணம். ஆவியாகி வரும் துண்டுகளை மெஷின் ஒவ்வொன்றாக எடை போட்டு, எடைக்கு ஒரு பீக்காக, அதாவது கூரான முகடாக, திரையில் வரையும். நாற்பத்தாறு என்றால் ஒரு கந்தகம், ஒரு நைட்ரஜன். தொண்ணூற்றிரண்டு என்றால் அதில் இரண்டிரண்டு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த பீக்குகள். தெரியாத பீக் ஒன்று வேண்டும் என்று ஆல்வின் வேண்டிக்கொள்ளாத மாதா கோயில் தாம்பரம் வட்டாரத்தில் கிடையாது.

அவனுக்கு அவசரம் இருந்தது. அவனுடைய சினாப்சிஸ் கூட்டம், அதாவது தீசிஸ் எழுத அனுமதி தரும் கூட்டம், ஒரு வெள்ளிக்கிழமைக்குக் குறித்தாயிற்று. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். அவர் திருப்பி அனுப்பிவிட்டால் இன்னொரு வருஷம். இதற்கிடையில் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டே ஆக வேண்டும் என்பது பெண்ணின் அப்பா சொன்ன ஒரே நிபந்தனை. சினாப்சிஸ் முடிந்த மறுநாள் பத்திரிகை அச்சுக்குப் போகும் என்று ஏற்பாடு.

இந்த நிலைமையில் ஒருநாள் மத்தியானம் நூற்று நாற்பத்தாறில் ஒரு பீக் வந்தது.

"அக்கா, இன்னாக்கா இது புதுசா கீது?" என்று ஆல்வின் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

நம் ஆராய்ச்சி வழிகாட்டியைக் கூப்பிட்டோம். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, சார் என்றே இருக்கட்டும். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"காலையில வந்துதா?"

"இல்ல சார். காலையில சுத்தமா இருந்துது."

மறுநாளும் அப்படியே. காலையில் இல்லை, மத்தியானம் இருக்கிறது. அதற்கு மறுநாளும். சார் ஜன்னலோரம் போய் நின்று வேப்பமரத்தைப் பார்த்தார். இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"மத்தியானத்துக்கு மேல என்ன வருது நம்ம ஊருக்கு?"

"லஞ்ச் சார்" என்றான் ஆல்வின்.

"கடற்காற்று!" என்றார் சார். "கோவளத்துப் பக்கத்துலேர்ந்து ஈரக்காத்து வருது. ஈரம்னா தண்ணி. நாலு கந்தகம் நூத்தி இருபத்தெட்டு. ஒரு தண்ணி பதினெட்டு. கூட்டு."

கூட்டினோம். நூற்று நாற்பத்தாறு.

உங்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. அவ்வளவு அழகாகப் பொருந்தியது. சார் அதற்குக் கோவளம் அயனி என்று பெயர்கூட வைத்துவிட்டார். காற்று வராத ஒருநாளும் பீக் வந்தது. "நேத்திய ஈரம் தங்கிடுச்சு" என்றார். அன்றைக்கே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும். காற்று வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று ஒரு விளக்கம் சொன்னால், அந்த விளக்கத்துக்குக் காற்றே தேவையில்லை என்று அர்த்தம்.

எனக்கு உறுத்தியது வேறு. கந்தக அணுக்களில் பெரும்பாலானவை முப்பத்திரண்டு எடை. நூற்றுக்கு நான்கைந்து மட்டும் முப்பத்துநான்கு. அதனால் கந்தகம் உள்ள எந்தப் பீக்குக்கும் இரண்டு எண் தள்ளி ஒரு குட்டி பீக் கூடவே நிற்கும். எத்தனை கந்தகமோ அதற்கேற்ப குட்டி வளர்ந்திருக்கும். நான்கு கந்தகம் உள்ள தாய்க்கு ஓரளவு கொழுகொழு குட்டி இருக்க வேண்டும். கோவளம் அயனியின் குட்டி அதில் பாதிதான் இருந்தது. நான் ஏற்கெனவே ஒவ்வொரு மாதமும் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாப்பாவின் எடைக்கோட்டைப் பார்த்து நகம் கடிப்பவள். எடை குறைந்த குட்டி எங்கே கண்ணில் பட்டாலும் எனக்குச் சோறு இறங்காது.

பாதி என்றால் கந்தகம் இரண்டுதான். அப்படியானால் மீதி என்ன? யாரும் இல்லாத நேரத்தில் கணினியில் இருக்கும் நிறமாலை நூலகத்தில், அதாவது தெரிந்த பொருள்களின் பீக் பட்டியலில், தேடினேன். சார் இருந்தால் தேட விடமாட்டார். "புதுசைக் கண்டுபிடிச்சவன் பழைய பட்டியல்ல ஏன்மா தேடறான்?" என்பார். தேடல் முடிந்து முதலில் வந்த பெயர் டைஅலைல் டைசல்ஃபைடு. கீழே சின்ன எழுத்தில் அது எதில் இருக்கிறது என்று போட்டிருந்தது.

பூண்டு.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு மெஷினிடமிருந்து விலகி உட்கார்ந்தேன். இந்தக் கட்டடத்திலேயே பூண்டு என்றால் நான்தான். என் டிபன் பாக்ஸைத் திறந்தால் கீழ்த்தளத்துக் கணிதத் துறையில் "மேடம் சாப்பிட ஆரம்பிச்சாச்சு" என்று பேசிக்கொள்வார்களாம். சாப்பிட்டுவிட்டு வந்து கிண்ணத்தை எடுப்பதும் நான், பொடியை வைப்பதும் நான். போதாக்குறைக்கு, பாப்பாவுக்குப் பருப்புசாதம் ஊட்டி ஊட்டி எந்தச் சின்னப் பாத்திரத்தைக் கண்டாலும் ஊதுகிற பழக்கம் வந்திருந்தது. கிண்ணத்தை ஊதினேனா? ஊதியதாக ஞாபகமில்லை. ஊதவில்லை என்றும் ஞாபகமில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பூண்டு வேண்டாம் என்றேன்.

"ஏன், என்னாச்சு?" என்றார் அத்தை.

"லேப்ல பிரச்சினை அத்தை. மெஷினுக்கு ஒத்துக்கலை."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "மெஷினா பால் கொடுக்குது?"

அடுத்த சில நாட்கள் பாப்பா அழுதால் பால் குறைந்துவிட்டது என்று அத்தை என்னைப் பார்ப்பார். அழாவிட்டால் அழக்கூடத் தெம்பில்லை என்று பார்ப்பார். லேபிலோ நான் இரண்டு ஜோடி கையுறை, அது போதாதென்று முகக்கவசம் என்று நடமாடினேன். ஆல்வின் கவலையோடு கேட்டான், "அக்கா, எதுனா தொத்து வியாதியா?"

பீக் போகவில்லை. காலையில் இல்லை, மத்தியானம் இருக்கிறது. அதே உயரம், அதே மெலிந்த குட்டி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதல் சந்தேகத்தை நம்மேலேயே போட்டுக்கொள்வது நல்ல குணம் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் நானே காரணம் என்று முடிவு செய்தவுடன் நான் வேறு எங்கேயும் தேடவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. ஆல்வினிடம்கூடச் சொல்லாமல் பூண்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவனோ அந்த நாட்களில் கோவளம் அயனிக்குப் பக்கம் பக்கமாகப் படம் தயார் செய்துகொண்டிருந்தான். ஒரு படத்தில் அலைகூட இருந்தது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மத்தியானம். முகக்கவசத்தால் பயனில்லை என்று கழற்றிவிட்டு, கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்க்கக் கிண்ணம் எடுக்கப் போனேன். டெசிகேட்டர் உங்களுக்குத் தெரியும். ஜன்னலோரம் இருக்கும் பெரிய கண்ணாடிப் பாத்திரம், ஈரம் உறிஞ்சும் நீலப்பரல் போட்டது. காலை ஓட்டத்துக்கான கிண்ணங்களைச் சூளையிலிருந்து எடுத்ததும் நேராகப் பயன்படுத்துவோம். மத்தியானத்துக்கானவை டெசிகேட்டருக்குள் உட்கார்ந்து ஆறும். எத்தனையோ நாள் செய்த வேலை. மூடியைத் தள்ளித் திறந்தேன்.

பூண்டு வாசனை முகத்தில் அறைந்தது.

என் வாசனை இல்லை. நான்தான் பூண்டையே நிறுத்திவிட்டேனே. அதைத் தினமும் மூன்று வேளை தின்றுகொண்டிருந்தவரை எனக்கு மூக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். நிறுத்திய பிறகுதான் மூக்கு வேலைக்குத் திரும்பியிருக்கிறது.

கிண்ணங்களுக்குக் கீழ்த்தட்டில், அலுமினியத் தாள் சுற்றிய ஒரு ஜாடி இருந்தது. அது சில வாரமாகவே அங்கே இருக்கிறது; யோசித்தால், பீக் வந்த சமயத்திலிருந்துதான். சார் கையெழுத்தில் லேபிள்: 'காற்று படக் கூடாது. திறக்காதே.' ஒளி பட்டால் கெடக்கூடிய ஏதோ அரிய மாதிரி என்று நாங்கள் எல்லாரும் அதைக் கும்பிடாத குறையாக வைத்திருந்தோம். அதன்மேல் சாருக்கும் தனி அக்கறை. தினமும் சாப்பிட்டதும் எங்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, "பரல் மாத்தணும்" என்று கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு பேராசிரியர் தன் கையாலேயே பரல் மாற்றுகிறாரே என்று நாங்கள் கான்டீனில் உருகியிருக்கிறோம்.

ஜாடியை நோக்கிக் கை நீட்டினேன்.

"அக்கா! தொடாதீங்க! சாரோட சாம்பிள், வெடிச்சிடும்!" ஆல்வின் கதவருகே போய் நின்றுகொண்டான்.

"மோந்து பாருடா."

"நான் இங்கேர்ந்தே மோந்துக்கறேன்." மோந்தான். முகம் மாறியது. "அக்கா, இது எங்க வூட்டு மீன்கொழம்பு வாசன."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். ஒருவேளை நிஜமாகவே அது ஏதாவது கந்தகச் சேர்மமாக இருந்தால்? என் மூக்கை நம்பி ஜாடியைத் திறந்து நாளைக்குப் பாப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தால்? லேபிளில் திறக்காதே என்று இருந்தால் திறக்கக் கூடாது. இதில் என் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன், நீங்களும் திறக்காதீர்கள். ஜாடியை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த காலிக் கிண்ணம் ஒன்றை இடுக்கியால் எடுத்தேன். ஆரஞ்சுப் பொடி ஒரு துகள்கூட இல்லாமல் வெறுமனே மெஷினுக்குள் வைத்தேன்.

காலிக் கிண்ணத்தைக் காலையில் ஒவ்வொரு நாளும் ஓட்டியிருக்கிறோம். சூளைக் கிண்ணம், சுத்தமாகத்தான் வரும். மத்தியானக் கிண்ணத்தைக் காலியாக ஓட்ட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நீங்கள் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: எந்தக் கிண்ணத்தில் பொடி வைக்கிறீர்களோ அந்தக் கிண்ணத்தின் கூடப்பிறந்ததைக் காலியாக ஓட்டுங்கள்.

சூடு ஏறியது. நூற்று நாற்பத்தாறு எழுந்து நின்றது. பொடியே இல்லாமல் கோவளம் அயனி ஜம்மென்று வந்துவிட்டது. கீழே நாற்பத்தொன்றிலும் ஒரு பீக். வெற்றிடம் உண்டாக்கும் பம்பின் எண்ணெய் என்று நாங்கள் தினமும் ஒதுக்கிவைத்த பீக் அது. பூண்டின் இன்னொரு துண்டு.

ஆல்வின் தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு. பத்திரிகைல வெறும் ஆல்வின்தான்."

அப்போது கதவு திறந்தது. "டீ குடிக்கப் போகலையா ரெண்டு பேரும்? பரல் மாத்தணும்" என்றபடி சார் உள்ளே வந்தார்.

நான் எழுந்து நின்றேன். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் நாளைக்குத் தேர்வாளர் முன்னால் ஆல்வின் மானம் போகும். நான் தப்பாகச் சொன்னால் என் மானம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"சார், குட்டி பாதி எடைதான் சார் இருக்கு."

"பாப்பாவா? டாக்டர்கிட்ட காட்டினியாம்மா?"

"பீக்கு சார்."

திரையைக் காட்டினேன். காலிக் கிண்ணம் என்றேன். டெசிகேட்டர் கிண்ணம் என்றேன். நூலகத்தில் தேடியதையும் சொன்னேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அது அங்கேயே இருந்தது.

"சார், அந்த ஜாடியில என்ன சார் இருக்கு?"

"அது ஒரு நீண்டகால ஆய்வு."

"எதைப் பத்தி சார்?"

"கொலஸ்ட்ரால்" என்றார் சார்.

தேனில் ஊறவைத்த பூண்டு. காலை நடையில் கூட வருகிற ஒருவர் சொன்னாராம், தினம் இரண்டு பல், சாப்பாட்டுக்குப் பிறகு. "எங்க வீட்டுல பூண்டு வாசப்படி ஏறாது. கல்யாணமான நாள்லேர்ந்து ஏறினதில்லை. அவளுக்கு அந்த வாசனை பட்டாலே தலைவலி. தேன் வேற ஈரத்தை இழுக்கும், அதான் டெசிகேட்டர்ல வெச்சேன்" என்றார். அறிவியல்படி அதில் தப்பு சொல்ல முடியாது.

ஆல்வின் தரையிலிருந்தே கேட்டான். "சார், ஸ்லைடெல்லாம் தூக்கிடட்டுமா?"

சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "தூக்காதே. பழைய படங்கள்ல நூத்தி நாப்பத்தாறு இருக்கு, வர்ற தேர்வாளர் கண்ணுல படாம போகாது. எல்லாத்தையும் வை. பக்கத்துலயே இந்தக் காலிக் கிண்ணத்தையும் வை. நாமே கண்டுபிடிச்சு நாமே ஒதுக்கினோம்னு சொல்லு. அலையை மட்டும் எடுத்துடு."

மறுநாள் கூட்டத்தில் ஆல்வின் அப்படியே சொன்னான். தேர்வாளர் முன்னால் சாய்ந்தார். "சரி, மாசு. பூண்டுச் சேர்மம்னும் தெரியுது. லேபுக்குள்ள எப்படி வந்தது?"

அறையில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. கணிதத் துறைக்காரர் ஒருவர் வேறு எதற்கோ வந்திருந்தார், அவரும் திரும்பினார். போகட்டும், நானே என்று சொல்லிவிடலாம், இந்த ஊரே ஏற்கெனவே நம்புகிற விஷயம்தானே என்று வாயைத் திறந்தேன்.

"என்னோடது" என்றார் சார். எழுந்து நின்றே சொன்னார். "தேன்ல ஊறின பூண்டு. டெசிகேட்டர்ல வெச்சிருந்தேன். மேடத்துக்கு இதுல சம்பந்தம் இல்லை. கண்டுபிடிச்சதே அவங்கதான்."

தேர்வாளர் பேனாவை மூடினார்.

"எத்தனை நாள் ஊறணும் சார்?" என்றார். "எனக்கும் இருநூத்தி நாப்பதுக்கு மேல இருக்கு."

ஆல்வினுக்கு அனுமதி கிடைத்தது. பத்திரிகையும் அச்சுக்குப் போய்விட்டது, 'டாக்டர்' போட்டே. தீசிஸ் ஒப்புக்கொள்ளப்படும் முன்பே அப்படிப் போடலாமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஜாடி சாரின் மேஜை இழுப்பறைக்கு மாறிவிட்டது. நான் மறுபடி பூண்டு சாப்பிடுகிறேன். சாப்பிடாத நாட்களிலும் பாப்பாவின் எடைக்கோடு ஒழுங்காக ஏறியிருந்ததைத் தடுப்பூசி அட்டையில் பார்த்தேன். அத்தையிடம் காட்டவில்லை.

இப்போதைய சிக்கல் இது. தேர்வாளர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அந்த மாசு எங்கிருந்து வந்தது என்று தீசிஸின் பிற்சேர்க்கையில் ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும். சாரின் மாணவர்கள் எழுதும் தீசிஸ் ஒவ்வொன்றையும் முதல் பக்கத்திலிருந்து பிற்சேர்க்கை வரை சிவப்பு மையால் திருத்திக்கொடுப்பது சாரின் மனைவிதான். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். டைஅலைல் டைசல்ஃபைடு என்று எழுதி மறைக்க முடியாது, அது எதில் இருக்கிறது என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். 'உணவுப் பொருள்' என்று எழுதினான் ஆல்வின். "யாருடைய உணவு, லேபுக்குள் ஏன்?" என்று ஓரத்தில் சிவப்பில் கேள்வி வரும் என்றார் சார். என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "தீசிஸ்ல பொய் எழுத விடமாட்டேன்" என்றார். "ஆனா எனக்கு வேற வீடும் கிடையாது" என்றார். தன் பெயர் போடாமல், லேபை விட்டு வெளியே போகாமல் இதை உங்களுக்கு எழுதிவைக்க அவர்தான் அனுமதி தந்தார், யாருக்காவது ஏதாவது தோன்றாதா என்று.

புதன்கிழமை தீசிஸ் சாரின் மனைவி கைக்குப் போகிறது. ஒரே ஒரு வாக்கியம் போதும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும், அன்று ராத்திரி சாருக்குச் சாப்பாடும் கிடைக்க வேண்டும். எழுதி எழுதி அடித்துவிட்டேன், எனக்கு வரவில்லை. நீங்கள் இருவரும் யோசித்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குச் சொல்லுங்கள்.